வரியில் ஓடிய வண்டி

தெற்கத்திச் சக்கரங்கள்: 14

சென்ற வாரம் வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையின் பூட்டிய கேட்டுக்கு முன்னால் உங்களை நிறுத்திவிட்டு வந்தேன். பெட்ரோல் வாசனை கொஞ்ச நாளைக்குப் போதும். இந்த வாரம் கரண்டில் ஓடிய ஒரு காரின் கதை.

அதை 2013 மார்ச் மாதத்து வள்ளியூரிலிருந்துதான் எனக்குத் தொடங்கத் தெரியும். அந்த வருஷங்களில் எங்கள் ஊருக்குக் கரண்டு ஒரு விருந்தாளி மாதிரி. எப்போது வரும், எத்தனை நாழிகை இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொட்டைமாடியில் ஏறி நின்றால் பணகுடி, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். தென்கிழக்கே கூடங்குளத்தில் அணுஉலை கட்டி முடிந்து, இன்னும் மின்சாரம் தராமல் இருந்தது. மேற்கே மகேந்திரகிரி அடிவாரத்தில் ராக்கெட் என்ஜின்களை எரித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் நாங்கள் பனையோலை விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற டிஸ்டில்டு வாட்டர் வாங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பேட்டரி கடைக்குப் போயிருந்தேன். கடைத் தம்பி தினசரியை விரித்துவைத்து ஒரு படத்தைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இதப் பாத்தீயளா? மஹிந்திராக்காரன் கரண்டு கார் விட்டிருக்கான். அஞ்சு மணி நேரம் சார்ஜ் போட்டா நூறு கிலோமீட்டர் ஓடுமாம்."

"நல்லதுதானே தம்பி."

"நல்லதுதான். அஞ்சு மணி நேரம் சேந்தாப்ல கரண்டு இருக்குத ஊரு எதுன்னு அவங்கிட்டதான் கேக்கணும்."

படத்தில் இருந்த கார் இ2ஓ. அந்த மாதம் 18-ம் தேதி டெல்லியில் அறிமுகமானது. கதவு இரண்டு, இருக்கை நாலு, விலை 5 லட்சத்து 96 ஆயிரம் ரூபாய். படத்தில் மஹிந்திரா பெயர் இருந்தாலும் அந்தக் காரைப் பெற்றது பெங்களூருவில் ஒரு சின்னக் கம்பெனி. ரேவா எலெக்ட்ரிக் கார் கம்பெனி என்று பெயர். நம் கதை அதைப் பற்றியது.

ரேவாவைப் பற்றி எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைக் 'காலத்துக்கு முந்திப் பிறந்த வண்டி' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. காலத்துக்கு முந்திப் பிறந்தது என்றால் எங்கேயும் ஓடியிருக்கக் கூடாது. அது லண்டனில் ஓடியது, நார்வேயில் ஓடியது, பெங்களூருவில்தான் முக்கியது. காலம் எல்லா ஊருக்கும் ஒன்றுதானே? ஊருக்கு ஊர் மாறியது வரியும் சட்டமும்தான். இந்த வண்டியின் சரித்திரத்தை பேட்டரியை வைத்துச் சொல்வதைவிட அரசாங்க கெஜட்டை வைத்துச் சொல்வது பொருத்தமாக இருக்கும் என்பது என் கட்சி.

ரேவாவுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். அவளைச் சொல்லாமல் போனால் கோயம்புத்தூர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபத்தில் நியாயமும் உண்டு. 1993-ல் டெல்லி வாகனக் கண்காட்சியில் 'லவ்பேர்ட்' என்ற கார் வந்து நின்றது. எடி கரண்ட் கன்ட்ரோல்ஸ் என்ற நிறுவனம், ஜப்பானின் யஸ்காவா எலெக்ட்ரிக்கின் தொழில்நுட்பக் கூட்டோடு செய்தது. கேரளத்துச் சாலக்குடியிலும் நம் கோயம்புத்தூரிலும் உற்பத்தி. இரண்டு பேர் உட்காரலாம். ஈய-அமில பேட்டரி, எட்டு மணி நேர சார்ஜ், அறுபது கிலோமீட்டர் ஓட்டம். 15 டிகிரிக்கு மேல் சரிவான மேட்டில் ஏறாது. இந்தியாவின் முதல் மின்சார கார் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நூறுகூட விற்கவில்லை.

மோட்டார் செய்வதில் கோயம்புத்தூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜி.டி.நாயுடு காலத்திலிருந்து அந்த ஊர் மோட்டார் சுற்றிப் பழகியது. வண்டியை ஓட்டவைக்க அவர்களால் முடிந்தது. வாங்குகிறவனுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. பெட்ரோல் வண்டி வைத்திருப்பவனுக்குத் தனியாக ஒரு தண்டமும் இல்லை, கரண்டு வண்டி வாங்குகிறவனுக்குப் பெரிதாக ஒரு சலுகையும் இல்லை. பிறகு யார் எட்டு மணி நேரம் காத்திருப்பார்கள்?

அதே சமயம் உலகத்தின் இன்னொரு மூலையில் நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. 1990-ல் கலிபோர்னியா மாநிலம் ஒரு விதி போட்டது. பெரிய கார் கம்பெனிகள் 1998 முதல் அந்த மாநிலத்தில் விற்கும் வண்டிகளில் நூற்றுக்கு இரண்டு, புகையே விடாத வண்டியாக இருக்க வேண்டும். புகை விடாத வண்டி என்றால் அன்றைக்கு மின்சார வண்டிதான். இந்த ஒற்றை விதியால் கலிபோர்னியாவில் மின்சார வண்டிக் கம்பெனிகள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைத்தன. ஜெனரல் மோட்டார்ஸ் போன்ற மலைகள்கூட அசைந்து இவி1 என்ற காரைச் செய்தன. முளைத்த சின்னக் கம்பெனிகளில் ஒன்று அமெரிகான்.

அந்த அமெரிகானில் ஒரு பெங்களூரு இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். சேத்தன் மைனி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் படித்தவர். படிக்கும்போதே மாணவர்கள் சேர்ந்து செய்த 'சன்ரன்னர்' என்ற சூரிய ஒளிக் காரின் அணியில் இருந்தவர். 1990-ல் அந்தக் கார் அமெரிக்கப் போட்டியில் முதலிடம் பிடித்தது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை, மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தது. அப்புறம் ஸ்டான்போர்டில் மேல்படிப்பு. சூரியனை நம்பி மூவாயிரம் கிலோமீட்டர் போனவருக்கு, பேட்டரியை நம்பி எண்பது கிலோமீட்டர் போவது சின்ன வேலையாகப் பட்டிருக்கும்.

அப்பா சுதர்சன் மைனிக்குப் பெங்களூருவில் நுணுக்கமான இயந்திர பாகங்கள் செய்யும் தொழில். தொழிற்சாலைக்குள் சரக்கு இழுக்கும் பேட்டரி வண்டிகளும் அவர்கள் குழுமம் செய்துகொண்டிருந்தது. 1994-ல் மைனி குழுமமும் அமெரிகானும் கூட்டுச் சேர்ந்து கம்பெனி தொடங்கின. அம்மாவின் பெயர் ரேவா, கம்பெனிக்கும் அதே பெயர். நர்மதை ஆற்றுக்கும் ரேவா என்று ஒரு பெயர் உண்டு. ஆற்றின் பெயரை வைத்துவிட்டால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும் என்று நம் பக்கம் ஒரு பாட்டி சொல்லியிருப்பாள். தாமிரபரணி பெயரில் ஓடும் பஸ்கள் வழியில் நிற்கிற லட்சணத்தைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

கம்பெனி தொடங்கி இரண்டே வருஷத்தில் முதல் அடி விழுந்தது. அது பெங்களூருவில் விழவில்லை, கலிபோர்னியாவில் விழுந்தது. பெரிய கார் கம்பெனிகள் அழுது அரற்றியதில், 1998-க்கு வைத்திருந்த கெடுவை அந்த மாநிலம் 1996-ல் கைவிட்டது. விதி தளர்ந்ததும் காளான்கள் வாடத் தொடங்கின. இவி1 கார்களை ஜெனரல் மோட்டார்ஸ் வாடகைக்கு மட்டும்தான் விட்டிருந்தது. பிற்பாடு அவற்றைத் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை நசுக்கிப் போட்டது. அமெரிகானும் மின்சார கார் ஆசையை விட்டுவிட்டு, காரின் இருக்கையைச் சூடாக்கிக் குளிர்விக்கும் கருவிக்குத் திரும்பியது. அதில் நன்றாகவே பிழைத்தது. இன்று அதன் பெயர் ஜென்தெர்ம். கூட்டாளி கழன்றுகொண்ட பிறகும் மைனிகள் விடவில்லை. 2001-ல் ரேவா பெங்களூரு ரோட்டுக்கு வந்தது.

அந்த வண்டியை நான் ஒரே ஒரு தடவை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். ரேவா வந்து நாலைந்து வருஷம் இருக்கும், பெங்களூருவில் இந்திரா நகரில் ஒரு உறவுக்காரர் வீட்டு வாசலில். முதலில் யாரோ பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த பெரிய பொம்மை என்றுதான் நினைத்தேன். நீளம் இரண்டரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நம் ஊர் ஆட்டோ ரிக்‌ஷா அதைவிட அதிகம் குட்டை இல்லை. கதவு இரண்டு. முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் என்றால் ஐந்தாம் வகுப்பு தாண்டாத பிள்ளைகள். மேல்தகடு இரும்பில்லை, பிளாஸ்டிக். வீட்டுக்காரர் கையை முஷ்டியாக்கிக் கதவில் ஓங்கிக் குத்திக் காட்டினார். உள்வாங்கிவிட்டு டப்பென்று பழையபடி வந்து நின்றது. "டிங்கர் செலவே இல்ல பாத்துக்கோங்க" என்றார்.

முன் இருக்கையைத் தூக்கிக் காட்டினார். அடியில் எட்டு பேட்டரிகள், ஒவ்வொன்றும் 6 வோல்ட், மொத்தம் 48 வோல்ட். நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே, அதே ஈய-அமில ஜாதி. எட்டுக்கும் தனித்தனியாக மூடி திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஒரே குழாயில் ஊற்றினால் எல்லாவற்றுக்கும் போய்விடும். பக்கவாட்டில் பெட்ரோல் மூடி இருக்க வேண்டிய இடத்தில் பிளக். ஏ.சி.க்குப் போடுகிற 15 ஆம்ப்ஸ் சாக்கெட் போதும். எட்டு மணி நேரத்தில் நிறையும், முதல் இரண்டரை மணி நேரத்திலேயே 80 சதவீதம் ஏறிவிடும். கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டாம். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். உச்ச வேகம் அறுபத்தைந்தை ஒட்டி. முழு சார்ஜுக்கு 80 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது.

எனக்கு ஓடிய கணக்கு வேறு. வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நோயாளியைப் பார்க்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக 40 கிலோமீட்டருக்கு மேல், வரவும் அவ்வளவு. ரேவாவில் போனால் திரும்பும்போது நாங்குநேரி டோல்கேட் தாண்டுவது சந்தேகம். ஊரில் கார் வாங்குகிறவன் ஒரே ஒரு கார்தான் வாங்குவான். அதிலேயே கல்யாணத்துக்குப் போக வேண்டும், குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கப்பானையோடு போக வேண்டும், ராத்திரி பிரசவ வலி என்றால் நாகர்கோவில் போக வேண்டும். இரண்டாவது காராக வாங்கத் தோதான வண்டி ரேவா. முதல் காருக்கே வழியில்லாத நாட்டில் அதை விற்கப் பார்த்தார்கள். விலையும் மாருதி 800-ஐவிடக் கூடுதல். மாருதியில் ஐந்து பேர் போகலாம், நெருக்கியடித்தால் எட்டு. ரேவாக்காரர்கள் செய்த கணக்குப் பிழை என்று நான் சொல்வது இதைத்தான். இதற்கு அரசாங்கத்தைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் இரண்டாவது கார் வாங்குகிற ஊர்கள் உலகத்தில் உண்டு.

2003 பிப்ரவரி 17 அன்று லண்டன் மாநகரம் ஒரு வரி போட்டது. நடு ஊருக்குள் வேலை நேரத்தில் கார் ஓட்டிப் போனால் நாளுக்கு 5 பவுண்டு. நெரிசல் கட்டணம் என்று பெயர். 2005-ல் அதை 8 பவுண்டு ஆக்கினார்கள். மின்சார வண்டிக்கு அப்போது முழு விலக்கு. வருஷத்துக்கு 250 வேலைநாள் என்று வைத்தால் 2,000 பவுண்டு மிச்சம். நடு லண்டனில் காரை நிறுத்த இடம் கிடைப்பது கோயில் கொடையன்று ஊருக்குள் கார் நிறுத்துவதைவிடக் கஷ்டம், கட்டணமோ கண்ணைக் கட்டும். மின்சார வண்டிக்கு அதிலும் சில இடங்களில் இலவசமாக இருந்தது. இப்போது யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய கார் இருக்கிறது. தினமும் ஆபீஸ் போக வர இருபது கிலோமீட்டர். வழியில் மேடு இல்லை. மூன்று, நாலு வருஷம் வரி கட்டுகிற பணத்தில் ஒரு காரே வந்துவிடும் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

கோயிங்கிரீன் என்ற நிறுவனம் 2004 முதல் ரேவாவை 'ஜி-விஸ்' என்று பெயர் மாற்றி அங்கே இறக்கியது. பெங்களூருவில் யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி லண்டனில் ஒரு அடையாளமாகிவிட்டது. சில வருஷங்களில் ஆயிரத்துக்கு மேல் ஓடின. நார்வேயிலும் இதே கதைதான். அங்கே அப்போது மின்சார வண்டிக்குக் கொள்முதல் வரி கிடையாது, டோல் கிடையாது, பஸ் ஓடும் தடத்திலும் போக முடிந்தது. ஒரு நேரத்தில் உலகத்தில் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த மின்சார கார்களில் கணிசமான பங்கு பெங்களூருவிலிருந்து போனவை. டெஸ்லா முதல் காரை ஒப்படைத்தது 2008-ல்தான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள்.

லண்டனில் இந்த வண்டியைத் தூக்கிவிட்டது நெரிசல் கட்டணம் மட்டுமில்லை, இன்னொரு சட்டப் பொந்தும் உண்டு. அன்றைய ஐரோப்பியச் சட்டத்தின்படி ரேவா கார் இல்லை. 'குவாட்ரிசைக்கிள்', நாலு சக்கர சைக்கிள் மாதிரி ஒரு வகை. பேட்டரியைக் கழித்துவிட்டு எடை 400 கிலோவுக்குள், மோட்டார் 15 கிலோவாட்டுக்குள் இருந்தால் அந்த வகையில் சேர்க்கலாம். பேட்டரியைக் கழித்து எடை பார்ப்பது, நகையில் கல்லைக் கழித்து எடை போடுவது மாதிரி, ரேவாவுக்கு வாகாக அமைந்தது. இந்த வகை வண்டிக்கு, கார்களுக்குக் கட்டாயமான மோதல் சோதனை கிடையாது. சோதனை இல்லாததால் செலவு மிச்சம், விலையும் அடக்கம்.

உயர்த்திய பொந்துதான் கவிழ்த்தும் விட்டது. 2007-ல் பிரிட்டனின் 'டாப் கியர்' பத்திரிகை ஒரு ஜி-விஸ்ஸை வாங்கி, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிட்டுப் பார்த்தது. கார்களுக்குச் செய்கிற அதே மாதிரியான சோதனை. வண்டி நொறுங்கியது. உள்ளே வைத்திருந்த பொம்மை மனிதனின் கதியைப் பார்த்தவர்கள், உயிருள்ளவர் இருந்திருந்தால் தப்பியிருக்க மாட்டார் என்றார்கள். கம்பெனி சட்டப்படி சரியான பதிலைச் சொன்னது: இது கார் இல்லை, இதற்குக் கார் சோதனை பொருந்தாது. சட்டம் சரிதான். ஆனால் பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டு விடுகிற தாய்க்கு அது கார்தானே? இந்த இடத்தில் நான் பத்திரிகைக்காரன் பக்கம். பிறகு லோட்டஸ் பொறியாளர்களின் உதவியோடு சட்டத்தை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, பலப்படுத்தினார்கள். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். ஏ.சி. மோட்டாருக்கு மாறினார்கள், 2009-ல் லித்தியம் பேட்டரியும் வந்தது. போன பெயர் மட்டும் திரும்பவில்லை.

இத்தனை அடியிலும் கம்பெனி சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006-ல் அமெரிக்க முதலீட்டாளர்கள் 2 கோடி டாலர் போட்டார்கள். 2009-ல் பிராங்பர்ட் வாகனக் கண்காட்சியில் என்.எக்ஸ்.ஆர்., என்.எக்ஸ்.ஜி. என்று இரண்டு புது மாதிரிகளைக் காட்டினார்கள். இரண்டாவதை வடிவமைத்தவர் திலீப் சாப்ரியா. வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் கம்பெனிக்குப் போன் போடலாம், அங்கிருந்தபடியே பேட்டரியின் அடியில் ஒதுக்கிவைத்த சேமிப்பைத் திறந்துவிடுவார்கள் என்ற வசதியை அப்போதே யோசித்திருந்தார்கள். ஸ்கூட்டரில் ரிசர்வ் திருப்புவோமே, அதைத் தொலைவிலிருந்து திருப்புவது. அதே வருஷம் ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா வந்து கைகுலுக்கியது. ஸ்பார்க் காரை ரேவாவின் தொழில்நுட்பத்தில் மின்சார காராக்குவது ஏற்பாடு. இவி1-ஐ நசுக்கிய கம்பெனி, கலிபோர்னியாவில் கருக்கொண்டு பெங்களூருவில் பிறந்த சின்னக் கம்பெனியிடம் மின்சார கார் செய்யக் கற்றுக்கொள்ள வந்தது. 2010 ஜனவரியில் டெல்லியில் இ-ஸ்பார்க் மேடையேறியது.

மேடையேறியதோடு சரி. அந்த வருஷம் மே மாதம் 26-ம் தேதி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா, ரேவாவின் 55.2 சதவீதப் பங்கை வாங்கிவிட்டது. போட்டிக் கம்பெனியின் கைக்குப் போன இடத்தில் நமக்கென்ன வேலை என்று ஜெனரல் மோட்டார்ஸ் கழன்றுகொண்டது. மஹிந்திராவும் இந்த விஷயத்தில் சூடுபட்ட பூனைதான். 'பிஜிலி' என்று மின்சார மூன்று சக்கர வண்டி ஒன்றை விட்டுப் பார்த்து, சில வருஷங்களில் நிறுத்தியிருந்தது. ரேவாவை ஏன் விற்றார்கள் என்பதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. புது மாதிரி காரை ஆலைக்குக் கொண்டுவர வேண்டிய பணம் சின்னக் கம்பெனியிடம் இருக்காது. பத்து வருஷத்தில் உலகம் முழுக்க விற்றதே சில ஆயிரம் வண்டி.

இனி நடந்ததுதான் எனக்கு ஆற்றாமை தருவது. 2010 நவம்பரில் மத்திய அரசு, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் மூலம் மின்சார வண்டிகளுக்கு மானியம் அறிவித்தது. காருக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய். அந்த நம்பிக்கையில் மஹிந்திரா, பெங்களூரு பொம்மசந்திராவில் வருஷத்துக்கு 30,000 கார் செய்யக்கூடிய ஆலையைக் கட்டியது. 2012 மார்ச் 31-ம் தேதி மானியம் காலாவதியானது. ஆகஸ்டில் ஆலை திறந்தது. 2013 ஜனவரியில் டெல்லியில் ஒரு பெரிய திட்ட அறிக்கையை வெளியிட்டார்கள். 2020-க்குள் 60 லட்சம், 70 லட்சம் மின்சார வண்டி ஓடும் என்று அதில் இருந்தது. மார்ச்சில் இ2ஓ வந்தது, மானியம் வரவில்லை. 'ஃபேம்' என்ற பெயரில் அடுத்த மானியம் வந்தது 2015 ஏப்ரலில். சரியாக மூன்று வருஷ இடைவெளி. அந்த இடைவெளியில்தான் வண்டி சந்தைக்கு வந்தது. டெல்லி மாநில அரசு மட்டும் தன் பங்குக்குச் சலுகை கொடுத்ததால் அங்கே ஆறு லட்சத்துக்குள் கிடைத்தது, மற்ற ஊர்களில் அதற்கு மேல்.

நாற்றை நட்டுவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருந்த கதை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஜூனில் திறக்க வேண்டிய மடையை ஆகஸ்டில் திறந்தால் தண்ணீர் என்னவோ அதே தாமிரபரணித் தண்ணீர்தான், நாற்றுதான் இருக்காது.

மஹிந்திரா தன்னால் ஆனதைச் செய்தது. பேட்டரியை வாடகைக்குக் கொடுத்துக் காரின் விலையைக் குறைத்துப் பார்த்தது. 2016-ல் நாலு கதவு வைத்து இ2ஓ பிளஸ் ஆக்கியது. அதே வருஷம் பிரிட்டனுக்கு அனுப்பி, அடுத்த வருஷமே திருப்பிக்கொண்டது. ஜி-விஸ்ஸின் நிழல் அங்கே நீளமாக விழுந்திருந்தது, நிசான் லீஃப் போன்ற முழுக் கார்களும் வந்துவிட்டிருந்தன. கம்பெனியின் பெயரிலிருந்து ரேவா போய், மஹிந்திரா எலெக்ட்ரிக் என்றானது. சேத்தன் மைனி விலகி, பேட்டரியை மாற்றிக்கொடுக்கும் சன் மொபிலிட்டி என்ற நிறுவனத்தை 2017-ல் கூட்டாகத் தொடங்கினார். சார்ஜ் ஏறக் காத்திருக்காமல் காலி பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிப் போவது, காஸ் சிலிண்டர் மாதிரி. 2019-ல், இந்தியாவில் கார்களுக்குப் புது மோதல் பாதுகாப்பு விதிகள் வந்த நேரத்தில், இ2ஓ பிளஸ் நின்றது. ரேவா வம்சத்தின் கடைசி வண்டி அது. அதே 2019 ஆகஸ்ட் 1 முதல் மின்சார வண்டிக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி இறங்கியபோது வாங்குவதற்கு அந்த வண்டி இல்லை.

பேட்டரி கடைத் தம்பி இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறார். கடையில் பாதி இன்வெர்ட்டர், பாதி மின்சார ஸ்கூட்டருக்கான சாமான். கரண்டு இப்போது அவ்வளவாகப் போவதில்லை. கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரிலேயே மின்தொகுப்பில் சேர்ந்துவிட்டது. இங்கிருந்து புறப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூத்துக்குடியில், சில்லாநத்தம் சிப்காட்டில், வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட் 4 அன்று மின்சார கார் ஆலையைத் திறந்தது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 50,000 கார். "அண்ணாச்சி, இதாவது நிக்குமா?" என்று தம்பி கேட்டார். மானியமும் வரியும் எத்தனை வருஷத்துக்கு மாறாமல் இருக்கும் என்று தெரிந்தால் சொல்லலாம் என்றேன்.

இந்த அத்தியாயத்தை எழுதும்போது எனக்குக் கைக்கு எட்டாமல் போனது ரேவா இல்லை, லவ்பேர்ட். ரேவாவுக்கு ஆயிரம் படம் இருக்கிறது. கோயம்புத்தூரில் செய்த காருக்கு ஓட்டியவரின் ஒரு சொல்கூட எனக்குக் கிடைக்கவில்லை. 1993, 94 வாக்கில் அந்த ஆலையில் ஸ்பேனர் பிடித்தவர்கள், அந்தக் காரில் ஒரு சுற்றாவது போனவர்கள், வீட்டு ஆல்பத்தில் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், பத்திரிகை முகவரிக்கு இந்தத் தொடரின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.